அச்சு இல்லாமல் ஒரு பாட்டி: கலைப்பொம்மை செய்யத் தொடங்குவோருக்கு

கலைப்பொம்மை செய்ய உட்காருகிறவர்களில் பலர் முதலில் தேர்ந்தெடுப்பது அழகான இளம்பெண்ணை. சிக்கலே அங்கேதான். இளமுகத்தில் கன்னம் வழுவழுவென்று இருக்க வேண்டும், இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், உதடு அரை மில்லிமீட்டர் கோணினாலும் முகமே வேறாகிவிடும். வயதான முகம் இவ்வளவு கறார் இல்லை. ஒரு கன்னம் சற்று இறங்கிப்போனால் அதுவே முதுமை, இமை ஏற்ற இறக்கமாக இருந்தால் அதுவே குணம். எனவே முதல் பொம்மை பாட்டியாக இருக்கட்டும், அதுவும் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிற பாட்டியாக. நிற்கிற பொம்மைக்கு எடை சமமாக இறங்க வேண்டும், பாதம் பலகையில் படிய வேண்டும். உட்கார்ந்த பொம்மைக்கு அந்தத் தலைவலி கிடையாது.

விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் செய்யும் கொலுப் பொம்மைகள் பெரும்பாலும் அச்சில் எடுப்பவை. இங்கே அச்சே கிடையாது. கம்பியின் மேல் தலையையும் கைகால்களையும் களிமண்ணால் வனைந்து, சுட்டு, துணி உடம்போடு சேர்த்துக் கட்டுகிறோம். அதே பாட்டியை இன்னொரு முறை செய்ய நினைத்தாலும் வராது.

அளவு

நின்றால் 30 செ.மீ. வரும் பாட்டி என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்தால் சுமார் 16 செ.மீ. இதைவிடச் சின்னதாகப் போனால் விரல்கள் படுத்தும், பெரிதாகப் போனால் தலை அடுப்புக்குள் சரியாக வேகாது. உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை 4.6 செ.மீ., அதாவது உயரத்தில் ஆறரையில் ஒரு பங்கு. நிஜ மனிதருக்கு ஏழு, ஏழரை தலை உயரம் இருக்கும். பொம்மைக்கு அந்தக் கணக்கைப் போட்டால் முகம் ரொம்பச் சின்னதாகத் தெரியும்.

ஒரு தாளில் 30 செ.மீ. உயரத்துக்கு முன்பக்கமும் பக்கவாட்டும் வரைந்துகொள்ளுங்கள். முழங்கை இடுப்பு மட்டத்தில், தொங்கவிட்ட கையின் விரல்நுனி நடுத்தொடையில், பாதத்தின் நீளம் கிட்டத்தட்ட ஒரு தலை. மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை 3.4 செ.மீ., அதில் பாதி நடுவிரல். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. கம்பியையும் கையையும் அதன் மேல் வைத்து வைத்துப் பார்க்கத்தான் அது.

வாங்க வேண்டியவை

பாலிமர் களிமண் 57 கிராம் கட்டி மூன்று: பீஜ் நிறத்தில் இரண்டரை, அடர் பழுப்பில் அரை. கண்ணுக்குச் சுண்டைக்காய் அளவு வெள்ளை. திரவப் பாலிமர் களிமண் ஒரு சிறு குப்பி. 2 மி.மீ. அலுமினியக் கம்பி ஒன்றரை மீட்டர். விரலுக்கு 24 கேஜ் மெல்லிய கம்பி ஒரு சுருள். கட்டடக்காரர்கள் பயன்படுத்தும் கட்டுக்கம்பி மலிவுதான், ஆனால் துருப்பிடித்துத் துணியில் கறை இறக்கும். சமையலறை அலுமினிய ஃபாயில், எம்-சீல், ஃபெவிகால், பாலியஸ்டர் பஞ்சு, பழைய பனியன் துணி, கட்டிங் பிளேயர், தடித்த ஊசி இரண்டு மூன்று, பல்குத்தும் குச்சி, 400, 600, 1000 எண் வாட்டர் பேப்பர் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்). இலவம்பஞ்சு வேண்டாம். நாளாக ஆக ஒரு பக்கமாகத் திரண்டு, முதுகில் பள்ளம் விழுந்துவிடும்.

அடுப்புக்கு ஓடிஜி, அதாவது மேசை மேல் வைக்கும் சிறு மின்சார அவன், போதும். மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. கூடவே ஒரு அடுப்பு வெப்பமானி கட்டாயம் வேண்டும். ஓடிஜியின் திருகில் 130 என்று இருந்தால் உள்ளே 115 இருக்கலாம், 150-ம் இருக்கலாம். வேகாமல் போவதும் கருகிப்போவதும் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தால்தான்.

இந்தக் களிமண் மண்ணே அல்ல. பிவிசி தூளும் அதை இளக்கமாக வைக்கும் எண்ணெய்ப் பொருளும் கலந்தது. பொம்மைக்காரர்களுக்கு இதில் ஒரு உரிமையும் உண்டு. ஜெர்மனியின் பொம்மைக் கலைஞர் கேத்தே க்ரூஸேயின் மகள் உருவாக்கியதைத்தான் ஏபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் 1964-ல் வாங்கி ஃபிமோ என்று விற்கத் தொடங்கியது. பிவிசி என்பதால் இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். ஒன்று, கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், கண்ணும் தொண்டையும் எரியும். அப்படி நேர்ந்தால் அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். இரண்டு, சூடு பட்டால் பெட்டியிலேயே பாதி வெந்துவிடும். சித்திரை வெயிலில் பரணில் வைத்த கட்டி பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். பாலித்தீன் உறையில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கடினமான பிளாஸ்டிக் டப்பாவில் நேரடியாகப் போட்டால் சில டப்பாக்கள் இளகி ஒட்டிக்கொள்ளும்.

களிமண்ணைப் பிசைந்து நிறம் சேர்த்தல்

சப்பாத்தி மாவைப் போல, மடித்தால் ஓரம் வெடிக்காத பதம் வரும் வரை பிசையுங்கள். ஒரு கட்டிக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். பிசையும்போது உள்ளே காற்று போகாமல் உருட்டி நீட்டி மடிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பீஜ் நம் ஊர்ப் பாட்டிக்கு ஒத்துவராது, ரோஜா நிறம் அடிக்கும். பழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள். அடர் நிறம் சீக்கிரம் ஏறிவிடும். பட்டாணி அளவு கிள்ளிச் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், வெந்ததும் ஒரு சாயல் கூடும். மூன்று கட்டியையும் ஒரே மூச்சில் கலந்துவிட வேண்டும். முகத்துக்கு ஒருமுறை, கைக்கு ஒருமுறை என்று கலந்தால் நிறம் சேரவே சேராது. உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் மட்டும் கொஞ்சம் வெளிர் நிறம் தனியாக எடுத்து வையுங்கள்.

கையில் தூசி இருந்தால் முகத்தில் தெரியும். கம்பளி, நைலான் உடை போட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

தலை

முதலில் கண். வெள்ளையில் ஒரு துளி பீஜ் சேர்த்து 5 மி.மீ. உருண்டை நான்கு செய்து சுடுங்கள். இரண்டு போதும், மற்ற இரண்டு தொலைப்பதற்கு. தூய வெள்ளைக் கண் முகத்திலிருந்து துருத்திக்கொண்டு விழிக்கும். சுட்ட பிறகு அக்ரிலிக் வண்ணத்தில் கரும்பழுப்புக் கருவிழி, நடுவே கறுப்புப் பாவை. வயதானவர்களின் கருவிழி ஓரத்தில் சாம்பல் நிற வளையம் படியும். மெல்லிய தூரிகையால் அந்த வளையத்தையும் போட்டுவிட்டால் முகத்தில் வேறொன்றும் செய்வதற்கு முன்பே வயது கூடிவிடும்.

40 செ.மீ. கம்பியைப் பாதியாக மடித்து முறுக்குங்கள். மடிந்த முனை தலைக்குள் போகும், மற்ற முனைகள் முதுகுத்தண்டு. மடிந்த முனையைச் சுற்றி ஃபாயிலைக் கசக்கி, 3.2 செ.மீ. உயரமுள்ள முட்டை வடிவமாக அழுத்துங்கள். மேசையில் உருட்டி, கரண்டி முதுகால் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். ஃபாயில் தளர்வாக இருந்தால் உள்ளே அடைபட்ட காற்று அடுப்பில் விரிந்து, உச்சந்தலையில் விரிசல் விடும். ஃபாயில் எதற்கு என்றால், முழுத்தலையும் களிமண்ணாக இருந்தால் நடுவில் வேகாது. இதன் மேல் 5 மி.மீ. தடிமனில் களிமண்ணைப் போர்த்துங்கள். கழுத்தோடு சேர்த்துக் காறை எலும்பு வரை கொஞ்சம் இறக்கிவிடுங்கள், ரவிக்கை கழுத்து அதை மூடிக்கொள்ளும்.

முகத்தில் கண்கோடு எங்கே வரும் என்பதில்தான் எல்லாரும் தவறுவார்கள். நெற்றியை மறந்துவிட்டுக் கண்ணை மேலே தூக்கிவைப்பார்கள். உச்சிக்கும் முகவாய்க்கும் சரி பாதியில், அதாவது முகவாயிலிருந்து 2.3 செ.மீ.யில் கண். கண்ணின் அகலம் 6 மி.மீ., இரண்டு கண்ணுக்கும் நடுவே இன்னொரு 6 மி.மீ. மூக்கின் அடி முகவாயிலிருந்து 1.2 செ.மீ. வாய்க்கோடு 8 மி.மீ. பல் விழுந்த பாட்டி என்றால் வாயையும் முகவாயையும் 2 மி.மீ. மேலே ஏற்றி, உதட்டை உள்ளுக்குத் தள்ளிவிடுங்கள்.

கட்டைவிரலால் கண்குழி அழுத்தி, உருண்டையை மூன்றில் இரண்டு பங்கு உள்ளே புதையுங்கள். இரண்டு பார்வையும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று இப்போதே பாருங்கள். இமை வைத்த பிறகு திருப்ப முடியாது. இனி எல்லாம் ஒட்டு வேலை. மூக்குக்கு ஒரு ஆப்பு, கன்ன எலும்புக்கு இரண்டு சிறு உருண்டை, தாடைக்கு இரு பக்கமும் திரி. ஒவ்வொன்றையும் வைத்து, ஓரத்தை ஊசியின் பக்கவாட்டால் இழுத்து மறைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மேலிமை 1 மி.மீ. பட்டை, கருவிழியின் மேல்பகுதியை அது மூட வேண்டும். கருவிழி முழு வட்டமாகத் தெரிந்தால் பாட்டி எதையோ கண்டு திடுக்கிட்டவர் மாதிரி இருப்பார். வெளிமூலையில் இமையைச் சற்றுத் தொங்கவிடுங்கள்.

சுருக்கத்தை ஊசியால் நேரடியாகக் கீறாதீர்கள். கீறல் கீறலாகத்தான் இருக்கும், அதன் இரு கரையிலும் பிசிறு எழும்பும். முகத்தின் மேல் மெல்லிய பாலித்தீன் தாளை விரித்து, அதன் மேல் மழுங்கிய ஊசியால் அழுத்துங்கள். கோட்டின் கரைகள் தானே உருண்டு, உண்மையான தோல் மடிப்பு போல விழும். எங்கே அழுத்துவது என்பது பாட்டி எப்படி வாழ்ந்தவர் என்பதைப் பொறுத்தது. சிரித்த முகம் என்றால் கண்ணின் வெளிமூலையில் விசிறிக் கோடுகளும் மூக்கோரத்திலிருந்து வாயைச் சுற்றும் கோடும் ஆழமாக இருக்கும். கடுகடுத்தவர் என்றால் புருவ நடுவில் இரண்டு நேர்கோடு. இரண்டையும் ஒரே ஆழத்தில் போட்டால் முகம் எதையும் சொல்லாது. மேலுதட்டில் சின்னச் சின்ன செங்குத்துக் கோடுகள், கழுத்தில் இரண்டு தசைநார்.

காது புருவ மட்டத்திலிருந்து மூக்கடி வரை, பக்கவாட்டில் தலையின் நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால். வயதானவர்களுக்குக் காது கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும். பாம்படப் பாட்டி வேண்டுமென்றால் மடலை 24 கேஜ் கம்பி வளையத்தின் மேல் 2 மி.மீ. களிமண் சுற்றிச் செய்யுங்கள், கம்பி இல்லாமல் தொங்கவிட்டால் கை பட்டாலே போய்விடும். பாம்படத்தையும் உலோகத்தில் செய்யாமல், களிமண்ணில் சிறு கட்டங்களும் உருண்டைகளுமாகச் செய்து பொன்வண்ணம் பூசினால் எடை ஏறாது.

சுடுவதற்கு முன் முகத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், அல்லது கைபேசியில் படம் எடுத்து இடவலம் மாற்றிப் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணல் அப்போது பளிச்சென்று தெரியும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் தொட்ட மெல்லிய தூரிகையால் முகத்தை ஒருமுறை நீவிவிட்டால் விரல்ரேகை மறையும்.

கை, கால்

தலையைவிடக் கைதான் படுத்தும். 24 கேஜ் கம்பியில் 6 செ.மீ. துண்டு ஐந்து, 2 மி.மீ. கம்பியில் 15 செ.மீ. துண்டு ஒன்று. ஐந்தையும் பெரிய கம்பியின் முனையில் மணிக்கட்டு அளவில் கட்டி, விரல் நீளத்துக்குக் கத்தரியுங்கள். கம்பியில் திரவக் களிமண் தடவி, மேலே 2.5 மி.மீ. தடிமனுக்குக் களிமண் உருட்டிச் சுற்றுங்கள். தடித்துப்போனால் கையுறை போட்ட கைதான் வரும். உள்ளங்கைக்கு வெளிர் களிமண். புறங்கையில் நூல் போன்ற திரிகளை ஒட்டி லேசாக அழுத்தினால் நரம்பு. விரல் மூட்டுகளில் சின்ன உருண்டை. இடக்கை உரலைப் பிடிக்கும், வலக்கை உலக்கையைப் பிடிக்கும் என்பதால் ஒரு பல்குத்தும் குச்சியைப் பிடிக்கவைத்தே விரலை மடக்கிச் சுடுங்கள். முழங்கைக்குக் கீழே வரை களிமண் போதும், அதற்கு மேல் ரவிக்கைக் கை மறைக்கும்.

கால் முழங்காலுக்குக் கீழே மட்டும். கம்பி காலுக்கு 22 செ.மீ. கால் நீட்டி உட்கார்ந்த பொம்மையில் பார்ப்பவர் கண் முகத்துக்கு அடுத்து உள்ளங்காலில்தான் விழும். குதிகால் வெடிப்பை பிளேடு முனையால் போடுங்கள். இங்கே மட்டும் கீறலின் பிசிறு நமக்கு உதவி. கட்டைவிரலைச் சற்று வெளியே விலக்குங்கள், செருப்பில்லாமல் நடந்த கால் அப்படித்தான் இருக்கும்.

சுடுதல்

உறையில் போட்டிருக்கும் வெப்பத்தையும் நேரத்தையும் பின்பற்றுங்கள். ஃபிமோவுக்கு 110 டிகிரி செல்சியஸ், ப்ரீமோ வகைக்கு 130. பொதுவாக 6 மி.மீ. தடிமனுக்கு அரை மணி நேரம். ஒரு விதி: சரியான வெப்பத்தில் நேரம் கூடினால் கெடாது, வெப்பம் கூடினால் கெடும். எனவே தலையை 45 நிமிடம் விட்டாலும் பாதகமில்லை. அடுப்பில் ஒரு டைல்ஸ் துண்டைப் போட்டு, அதன் மேல் ஃபாயில் உருண்டையில் கழுத்துக் கம்பியைக் குத்தி நிறுத்துங்கள். கைகால்களைப் பாலியஸ்டர் பஞ்சின் மேல் படுக்கவைத்தால் பின்பக்கம் தட்டையாகாது. மேலே ஃபாயில் கூரை போட்டால் மூக்கு கருகாது. முடிந்ததும் கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். சட்டென்று குளிர்ந்தால் விரிசல். உணவு சமைக்கும் அடுப்பு என்றால் அதே நேரத்தில் உணவு வைக்காதீர்கள், பிறகு உட்சுவரைத் துடைத்துவிடுங்கள்.

கூடவே 2 மி.மீ. தடிமன் பட்டை ஒன்றையும் சுடுங்கள். ஆறிய பிறகு வளைத்தால் வளைய வேண்டும். பட்டென்று ஒடிந்தால் வேகவில்லை என்று அர்த்தம், திரும்பச் சுடலாம். விரிசல் விழுந்தால் அதே நிறக் களிமண்ணில் திரவக் களிமண் சேர்த்து அடைத்து மறுபடி சுடுங்கள். வெந்ததன் மேல் பச்சைக் களிமண் வெறுமனே ஒட்டாது. தோலுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் பிறை வடிவம் தெரிந்தால் அது பிசையும்போது சிக்கிய காற்றும் ஈரமும். அதை எடுக்க முடியாது, வண்ணத்தால் மறைக்கலாம்.

வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள், தூள் மூச்சில் போகாது. அடர் பழுப்பு அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து முகம் முழுக்கத் தடவி, உடனே துணியால் துடைத்தால் மடிப்புகளில் மட்டும் நிறம் தங்கும். உதட்டில் வெற்றிலைச் சிவப்பு, நடுவில் அடர்ந்து ஓரத்தில் மங்க வேண்டும். மேலே தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷ், கண்ணுக்கு மட்டும் பளபளப்பு. நெயில் பாலிஷை எந்த இடத்திலும் தொடாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் களிமண்ணை இளக்கி, பல மாதம் கழித்தும் பிசுபிசுவென்று ஒட்டும்.

உடம்பு

கழுத்துக் குழியிலிருந்து இடுப்பு வரை 8.5 செ.மீ. தண்டுக்கம்பி விட்டு, தோளில் கைக்கம்பிகளையும் இடுப்பில் கால்கம்பிகளையும் வைத்து மெல்லிய கம்பியால் இறுகச் சுற்றி, எம்-சீலால் மூடி ஒரு இரவு விடுங்கள். அவசரப்பட்டு வளைத்தால் மூட்டு ஆடும், அதன் பிறகு நேராகவே நிற்காது. மறுநாள் பஞ்சைச் சுற்றி நூலால் கட்டிக்கொண்டே வாருங்கள். முதுகு கூன், தொங்கிய மார்பு, சின்ன வயிறு. இடுப்புக்குள் 60 கிராம் ஆற்று மணலைத் துணிப்பொட்டலமாக வைத்தால் பொம்மை பின்னால் சாயாது. பனியன் துணியை நாடாவாகக் கிழித்து இழுத்துச் சுற்றித் தைத்துவிடுங்கள். இப்போதே உட்காரவைத்து, நீட்டிய கால் மேல் கால் போட்டு, தலையைச் சற்றுக் குனியவைத்து நிலையை முடிவு செய்துகொள்ளுங்கள். துணி போட்ட பிறகு வளைத்தால் கொசுவம் கலையும்.

புடவை, முடி

கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்கு: 5.5 மீட்டர் புடவைக்கு 1.1 மீட்டர் நீளம், 23 செ.மீ. அகலம். ஆனால் துணியின் தடிமன் ஐந்தில் ஒன்றாகக் குறையாதே. முழுதாகச் சுற்றினால் இடுப்பில் மூட்டை கட்டினது போலாகும். அதனால் இரண்டு துண்டாக வெட்டுங்கள். பாவாடை மாதிரிச் சுற்றித் தைக்க ஒன்று, மார்பைச் சுற்றித் தோளில் போடும் முந்தானைக்கு ஒன்று. வெட்டு இடுப்பு மடிப்பில் மறையும். துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டித் துணி அல்லது மல் துணி நல்லது. சுங்குடி ஆசை எல்லாருக்கும் வரும், ஆனால் அதன் 3 மி.மீ. புள்ளி இந்த அளவில் ஒன்றரை செ.மீ. வட்டமாகத் தெரியும். வெறும் நிறப் புடவையில் 4 மி.மீ. கரை போதும். தேயிலைத் தண்ணீரில் முக்கிக் காயவைத்தால் கடைப்பளபளப்பு போகும். பின்கொசுவத்தை மூன்று மடிப்போடு நிறுத்தி, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கிளிப் போட்டுக் காயவிடுங்கள். ரவிக்கையைத் தனியாகத் தைத்து மாட்ட முயலாதீர்கள், உடம்பின் மேலேயே துண்டு துண்டாக வைத்துத் தைப்பதே எளிது.

பொட்டு, மெட்டி, தாலிக்கயிறு வைப்பதா வேண்டாமா என்பதை முன்பே யோசித்துவிடுங்கள். நம் ஊர்க்காரர்கள் முதலில் கவனிப்பது அதைத்தான். வெள்ளைப் புடவையும் மெட்டியும் சேர்ந்து இருந்தால் யாராவது கேட்பார்கள்.

முடிக்குச் சவுரி வேண்டாம். மனித முடி இந்த அளவில் கயிறாகத் தெரியும். மெரினோ கம்பளி இழையில் வெள்ளையும் சாம்பலும் கலந்து சீவிக்கொள்ளுங்கள். பிடரியில் தொடங்கி மேலே வரிசை வரிசையாக ஒட்டி, நெற்றி ஓரத்தைக் கடைசியாக, மிக மெல்லிசாக ஒட்டுங்கள். நெற்றியோரம் அடர்த்தியாக இருந்தால் தொப்பி வைத்தது போல இருக்கும். பின்னால் இழுத்துச் சின்னக் கொண்டை. காதோரம் ஒன்றிரண்டு இழை பிரிந்து கிடக்கட்டும்.

உரல் 2 செ.மீ. உயரம், சாம்பல் களிமண். உலக்கைக்கு அந்தப் பல்குத்தும் குச்சியே போதும், கறுப்புப் பூசினால் இரும்பு. வெற்றிலையை 1 மி.மீ.க்கும் குறைவாகத் தேய்த்த பச்சை நிறக் களிமண்ணில் வெட்டி, நடுநரம்பு கீறிச் சற்று வளைத்துச் சுடுங்கள்.

பலகை 12 மி.மீ. தடிமனில் 18-க்கு 12 செ.மீ. இடுப்பு மட்டத்தில் இரண்டு ஓட்டை போட்டு, இடுப்பைச் சுற்றிய கம்பியைக் கீழே இழுத்து முறுக்கி எம்-சீல் வையுங்கள். நேர் வெயில் படாத இடத்தில் வைத்து, காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். பெட்டியில் மூடி வைப்பதானால் கம்பளி முடிக்குப் பூச்சி வராமல் இரண்டு வசம்புத் துண்டு போட்டு, முகத்தின் மேல் எதுவும் அழுந்தாமல் மெல்லிய துணியால் சுற்றி வையுங்கள்.